ரஷ்யக் குழந்தைப் பெயர்கள்: பட்டியலில் இருக்கும் பொருளை நம்பலாமா?

பொருநை

எல்லோருக்கும் வணக்கம். தங்கை கல்யாணம் முடித்து பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், பெயர் அந்திரேய். அடுத்த மாதம் பிரசவம். ஆணா பெண்ணா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ரஷ்யப் பெயர்தான் வைப்பது, ஆனால் பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா வாயிலும் அது நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பெயர் தேடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இணையத்தில் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஒரு வரிப் பொருள். நதாஷா என்றால் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள், இவான் என்றால் கடவுளின் கருணை, இப்படி நூறு பெயர். மாப்பிள்ளையிடமே "உங்கள் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். அதை யோசித்ததே இல்லையாம், தாத்தாவின் பெயர் என்று வைத்தார்களாம். நம் வீட்டில் பொருள் தெரியாமல் ஒரு பெயரும் வைக்க மாட்டார்கள். அங்கே பொருள் பார்க்கவில்லை என்றால் வேறு எதைப் பார்க்கிறார்கள்? ரஷ்யாவில் படித்தவர்கள், அந்த இலக்கியம் வாசிப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விவரமாகச் சொல்லுங்கள்.

புத்தகப்பூச்சி

மாஸ்கோவிலிருந்து தமிழில் புத்தகம் போட்ட முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், பொருநை. ரஷ்யாவில் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்தால் கூடவே ஒரு பெயர்க் குடும்பமே வந்துவிடும்.

பத்திரத்தில் இருப்பது மூன்று பகுதி: சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர். நடுவில் இருப்பதை ஓத்செஸ்த்வோ என்பார்கள். அப்பா அந்திரேய் என்றால் மகன் அந்திரேயெவிச், மகள் அந்திரேயெவ்னா. குடும்பப் பெயரும் ஆண் பெண்ணுக்கு மாறும்: இவனோவ், இவனோவா.

இது போக வீட்டில் கூப்பிடும் பெயர்கள். அலெக்சாந்தரைச் சாஷா, சான்யா, ஷூரா, ஷூரிக் என்று எப்படியும் கூப்பிடுவார்கள். மிகயீல் மிஷா ஆவான். இவான் வான்யா. நிகலாய் கோல்யா. விளாதிமிர் வலோத்யா அல்லது வோவா. மரியா மாஷா, யெகத்தெரினா கத்யா. நாவல் படிக்கும்போது நடுப்பக்கத்தில் திடீரென்று மித்யா என்று ஒருவன் வருவான், யாரென்று பார்த்தால் முதல் அத்தியாயத்தில் வந்த திமித்ரி. தமிழ் வாசகர்கள் பலர் திணறுகிற இடம் இதுதான்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறவு நிலை உண்டு. மாஷா என்பது சாதாரணமாகக் கூப்பிடுவது. மாஷென்கா என்றால் கொஞ்சல். மாஷ்கா என்றால் சண்டையாகவும் இருக்கலாம், ஒட்டிப் பழகிய உரிமையாகவும் இருக்கலாம். எந்த ஈற்றை யார் யாரிடம் சொல்கிறார் என்பதை வைத்தே இருவருக்கும் இடையே என்ன நடக்கிறது என்று ரஷ்ய வாசகருக்குத் தெரிந்துவிடும்.

நதால்யா, அதன் சுருக்கமான நதாஷா விஷயத்தில் பட்டியல் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. லத்தீனில் பிறப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கிறிஸ்து பிறப்பையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். ஆனால் மார்ச்சிலோ ஆகஸ்டிலோ பிறந்த நதாஷாக்கள் ஏராளம். யாரும் தேதி பார்த்து அந்தப் பெயரை வைப்பதில்லை.

ஆகவே தேடும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சுருக்கப் பெயரையும், அந்திரேயெவிச் அல்லது அந்திரேயெவ்னாவோடு சேர்த்துச் சொல்லும்போது எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளையின் காதில் விழப்போவது அவைதான்.

மறைமலை

பொருநை கேட்ட கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. ரஷ்யப் பெயர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ரஷ்ய மொழிச் சொல்லே இல்லை.

988இல் கீவ் நகரத்து அரசர் விளாதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றார். கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசிலிருந்து வந்த மதம், அதனால் பெயர்களும் அங்கிருந்தே வந்தன. அலெக்சாந்தர், அந்திரேய், நிகலாய், பியோத்தர், வசீலி, ஃபியோதர், இரினா, அனஸ்தாசியா, கலீனா, ஸோயா எல்லாம் கிரேக்கம். இவான், மிகயீல், மத்வேய், இல்யா, அன்னா, மரியா எபிரேயத்தில் பிறந்து கிரேக்கம் வழியாக வந்தவை. மக்ஸீம், ரொமான், பாவெல், மரீனா, நதால்யா லத்தீன். ஒலெக், ஓல்கா, ஈகர் ஸ்காண்டிநேவியப் பெயர்கள். அந்த நாட்டின் முதல் அரச குடும்பமே வடக்கிலிருந்து வந்தது. ஹெல்கி, ஹெல்கா என்பவைதான் அங்கே ஒலெக், ஓல்கா ஆயின. ருஸ்லான் துருக்கி மொழிகளில் சிங்கத்தைக் குறிக்கும் அர்ஸ்லானிலிருந்து வந்தது.

அதற்கு முன்னால் சொந்தப் பெயர்கள் இருந்தன. அரச குலத்தில் இரண்டு சொல் சேர்ந்த பெயர்கள்: யாரஸ்லாவ், ஸ்வியதஸ்லாவ், ம்ஸ்திஸ்லாவ். ஸ்லாவ் என்றால் புகழ். குடியானவர் வீட்டில் இன்னும் நேரடியாகவே வைத்தார்கள். முதல் பிள்ளை பெர்வூஷா, மூன்றாவது த்ரெத்யாக், எதிர்பாராமல் பிறந்தவன் நெஷ்தான், அழகில்லாதவன் நெக்ராஸ். நெக்ராஸ் போன்றவை கண் படக்கூடாது, கெட்டது அண்டக்கூடாது என்று வேண்டுமென்றே தாழ்த்தி வைத்த பெயர்கள். பிச்சை, குப்பம்மாள் என்று நம் ஊரில் வைத்ததும் இதே பயத்தில்தான். அந்தப் பெயர்கள் இன்று ஆட்களுக்கு இல்லை, குடும்பப் பெயராகத் தங்கிவிட்டன. மாஸ்கோவின் த்ரெத்யகோவ் ஓவியக்கூடத்தை நிறுவியவரின் முன்னோர்களில் யாரோ ஒருவர் மூன்றாம் பிள்ளை. கவிஞர் நெக்ராசவின் குடும்பப் பெயரும் அப்படி வந்ததுதான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. நோவ்கொரத் நகரத்தில் 1951 முதல் பிர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய கடிதங்கள் மண்ணிலிருந்து கிடைத்துவருகின்றன, ஆயிரத்துக்கும் மேல். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு கடிதம் ஷிஸ்னமீர் என்பவர் மிகூலாவுக்கு எழுதியது. எழுதியவர் பெயர் பழைய ஸ்லாவியப் பெயர், பெறுபவர் பெயர் நிகலாய் என்பதன் நாட்டு வடிவம். ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு உலகத்துப் பெயர்கள். அடுத்த நூற்றாண்டில் அதே நோவ்கொரத்தில் எழுதப் பழகிக்கொண்டு, ஓரத்தில் குதிரைவீரன் படம் கீறி வைத்த சிறுவன் பெயர் ஒன்ஃபீம். ஆந்திமஸ் என்ற கிரேக்கப் பெயரை அந்த ஊர் வாய் அப்படி ஆக்கிவைத்திருக்கிறது.

ஆகப் பொருநையின் மாப்பிள்ளைக்கு அந்திரேய் என்றால் ஆண்மை என்ற கிரேக்கப் பொருள் தெரியாததில் வியப்பில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அது அவர்களுக்கு ஒரு புனிதரின் பெயர், ஒரு தாத்தாவின் பெயர்.

டாக்டர்_திருச்சி

கூர்ஸ்க்கில் எம்பிபிஎஸ் படித்தவன். புத்தகப்பூச்சி சொன்ன தந்தை வழிப் பெயர் பற்றி இன்னும் கொஞ்சம்.

அங்கே 'சார்', 'மேடம்' கிடையாது. பேராசிரியரைச் சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர் இரண்டும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். உதாரணத்துக்கு இரினா நிகலாயெவ்னா என்று. அதுதான் மரியாதை. குடும்பப் பெயரைச் சொன்னால் வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி இருக்கும், வெறும் இரினா என்றால் அதிகப்பிரசங்கித்தனம். வாய்மொழித் தேர்வில் பேராசிரியரின் தந்தை வழிப் பெயர் மறந்துபோய் மாணவர்கள் முழிப்பது ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும். ஒருவரோடு பழகினால் அவருடைய அப்பா பெயரும் தானாகத் தெரிந்துவிடும் சமூகம் அது. முதலெழுத்தாக அப்பா பெயரைச் சுமக்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் நம் இனிஷியலை யாரும் விரித்துச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அங்கே கூப்பிடுகிறார்கள்.

இந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அரச குடும்பமே சாட்சி. இரண்டாம் யெகத்தெரினா ஜெர்மானிய இளவரசி, பிறந்தபோது பெயர் சோஃபி, அப்பா கிறிஸ்டியான் ஆகஸ்ட். 1744இல் ரஷ்யத் திருச்சபையில் சேர்ந்ததும் யெகத்தெரினா அலெக்செயெவ்னா ஆனார். அலெக்சேய் என்று அவருக்கு அப்பாவே கிடையாது. கடைசி ஜாரின் மனைவி அலெக்சாந்திரா ஃபியோதரொவ்னாவின் அப்பா பெயர் லூட்விக். அந்த 'ஃபியோதரொவ்னா' ரொமானவ் குடும்பம் போற்றிய ஃபியோதரொவ்ஸ்கயா மாதா படத்தின் பெயரிலிருந்து கொடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து மருமகளாக வந்தாலும் தந்தை வழிப் பெயர் இல்லாமல் அரியணையில் உட்கார முடியாது.

பொருநை அக்கா, உங்களுக்கு வேண்டிய பரிசோதனை இதோ. பெண் என்றால் அன்னா அந்திரேயெவ்னா. இதைப் பீட்டர்ஸ்பர்க்கில் சொல்லிப் பாருங்கள், படித்தவர்கள் முகம் மலரும். கவிஞர் அன்னா அக்மதோவா அந்திரேயின் மகள். கவிதையில் தன் குடும்பப் பெயர் வேண்டாம் என்று அப்பா சொன்னதால் தாய் வழிக் கொள்ளுப்பாட்டியின் தாத்தார் இனப் பெயரை எடுத்துக்கொண்டவர். ஃபந்தான்கா ஆற்றங்கரையில் அவர் வாழ்ந்த இடம் இன்று அருங்காட்சியகம். ஆண் என்றால் அப்பா பெயரையே வைக்கவும் அங்கே தடையில்லை. சோவியத் வெளியுறவு அமைச்சராக 28 ஆண்டுகள் இருந்த க்ரோமிக்கோ, அந்திரேய் அந்திரேயெவிச். நம் வீட்டில் உயிரோடிருக்கும் அப்பா பெயரை மகனுக்கு வைக்க மாட்டோம். அதனால் உங்கள் அம்மா சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வடமராட்சியான்

பிள்ளை பொருநை, நான் மொஸ்கோவில லுமும்பா பல்கலைக்கழகத்தில படிச்சவன். இப்ப வயசு போட்டுது. இஞ்ச இருக்கிற பிள்ளையள் சொன்னதெல்லாம் சரி. அங்க சனம் பேரைக் கேட்டவுடன என்ன நினைக்குதெண்டு நான் சொல்லுறன்.

முதலாவது, வயசு. நீனா, தமாரா, கலீனா எண்டால் பாட்டியின்ர முகம் வரும். ஸ்வெத்லானா, இரினா, தத்யானா எண்டால் இப்ப அம்மாமாராகவும் இளம் பாட்டிமாராகவும் இருக்கிற ஆக்கள். நாஸ்த்யா, தாஷா எண்டால் சோவியத் உடைஞ்ச காலத்துக்குக் கிட்டப் பிறந்த பிள்ளையள். இப்ப பிறக்கிற பெட்டையளுக்கு சோஃபியா, ஏவா, வர்வாரா. பெடியளுக்கு மிகயீல், மத்வேய், மக்கார். கிழவர்களின்ர பேர், கிராமத்துப் பேர் எண்டு எங்கட காலத்தில ஒதுக்கின மத்வேயும் வர்வாராவும் இப்ப திரும்பி வந்திட்டினம். ஒரு பேர் போய்த் திரும்ப வர ரண்டு மூண்டு தலைமுறை எடுக்கும்.

இரண்டாவது, புனிதரின்ர நாள். 1917க்கு முன்னம் கோயில் நாட்காட்டியைப் பாத்துத்தான் பேர். பிள்ளை பிறந்த நாளை ஒட்டி எந்தப் புனிதர் வாறாரோ அவரின்ர பேரைப் பாதிரியார் சொல்லுவார். ஏழைச் சனத்துக்குத் தெரிவு குறைவு. வாய்க்குள்ள நுழையாத கிரேக்கப் பேரும் சிலருக்கு வந்து விழுந்தது. அந்தப் புனிதரின்ர நாளைப் பிறந்த நாளை விடப் பெரிசாகக் கொண்டாடின காலமும் இருந்தது.

தத்யானா நாள் எண்டு கேள்விப்பட்டிருப்பியள். 1755இல மொஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு எலிசவேத்தா மகாராணி கையெழுத்து வைச்சது பழைய நாட்காட்டியில சனவரி 12, தத்யானா புனிதையின்ர நாள். இப்ப சனவரி 25. அதால தத்யானா மாணவருக்குக் காவல் தெய்வம் ஆனா. தத்யானா எண்ட பேர் உள்ள எல்லாப் பெண்ணுக்கும் அண்டைக்கு வாழ்த்துச் சொல்லுவினம், பல்கலைக்கழகங்களில பெரிய கொண்டாட்டம். ஆனா அதே பேரைப் பெரிய வீடுகளில விரும்பாத காலமும் இருந்தது. கவிஞர் புஷ்கின் தன்ர செய்யுள் நாவலில நாயகிக்குத் தத்யானா எண்டு பேர் வைக்கேக்க, இப்பிடியொரு பேரை முதல் முறையாக நாவலுக்குள்ள கொண்டு வாறன் எண்டு வாசகருக்குச் சொல்லித்தான் வைச்சார். வேலைக்காரப் பெண்களின்ர பேராக நினைச்சதை அவர் மேல தூக்கினார்.

செப்டெம்பர் 30ஐயும் ஞாபகம் வைச்சிருங்கோ. வேரா, நதேஷ்தா, லியுபோவ், தாய் சோஃபியா நாலு பேருக்கும் ஒரே நாள். நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு. கிரேக்கத்தில பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே எண்டு இருந்த மூண்டு புனிதைகளின்ர பேரை மட்டும் ஸ்லாவியத்தில மொழிபெயர்த்து வைச்சினம். அதால ரஷ்யக் குழந்தைக்கும் காதில விழுந்தவுடன பொருள் விளங்கிற பேர் வேணுமெண்டால் இந்த மூண்டும் இருக்கு. வேரா உங்கட அம்மாவுக்கும் வாயில வரும்.

நெய்வேலி_லெனின்

என் பெயரே லெனின் என்பதால் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா கட்சிக்காரர். நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது, அந்த நன்றி எங்கள் வீட்டுக்குள்ளும் பெயராக வந்தது.

பட்டியல்களில் வராத ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும். 1917 டிசம்பரில் பிறப்பு, திருமணப் பதிவைத் திருச்சபையிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. அதன்பின் ஸாக்ஸ் என்ற பதிவு அலுவலகம் வந்தது. நாட்காட்டிப் புனிதர் கட்டாயமில்லை என்றானதும் பெற்றோர் தாங்களாகவே பெயர் உண்டாக்கினார்கள். 1920களில் ஞானஸ்நானத்துக்குப் பதிலாக ஒக்தியப்ரீனி என்ற சடங்கு, அக்டோபர் புரட்சியின் பெயரில் தொழிற்சாலை மன்றங்களில் நடந்தது. விளாதிமிர் லெனினைச் சேர்த்து விளாத்லென், வி. இ. லெனின் என்பதிலிருந்து வில்யென், மார்க்ஸும் லெனினும் சேர்ந்து மார்லென், லெனினைப் பின்னாலிருந்து வாசித்து நினெல், இளம் கம்யூனிஸ்ட் அகிலத்தின் சுருக்கம் கிம்.

இவை வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்களுக்குச் சில மனிதர்களைச் சொல்கிறேன். திரைப்பட இயக்குநர் மார்லென் ஹூத்சியெவ். பாலே கலைஞர் நினெல் கூர்காப்கினா. மாஸ்கோ பல்கலைக்கழக ரெக்டராக இருந்த இயற்பியலாளர் ரெம் ஹஹ்லோவ். 2000ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பெற்ற ஷொரேஸ் அல்ஃபியோரவ். அவருக்குப் பிரெஞ்சு சோஷலிஸ்ட் ழான் ழொரேஸின் பெயர், போரில் இறந்த அவர் அண்ணனின் பெயர் மார்க்ஸ். பெயர் வைத்தபோது அந்தப் பெற்றோர் உலகமே புதிதாகத் தொடங்குகிறது என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

'தஸ்த்ரபெர்மா' என்று ஒரு பெயரை எல்லாப் பட்டியலிலும் போடுகிறார்கள், 'மே முதல் நாள் வாழ்க' என்பதன் சுருக்கம் என்று. அது பட்டியல்களில் வாழ்ந்த அளவுக்கு மனிதர்களிடம் வாழவில்லை. அதை வைத்து அந்தத் தலைமுறையையே கேலி செய்வது நியாயமில்லை.

அந்தப் பெயர்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தன. ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார், மு. க. ஸ்டாலின் பிறந்தது மார்ச் 1. ககாரின் விண்ணுக்குப் போன 1961க்குப் பிறகு ககாரின்களும், தெரெஷ்கோவா போன 1963க்குப் பிறகு வாலென்டினாக்களும் இங்கே பள்ளிக்கூடப் பதிவேட்டில் வந்தார்கள். ஒரு வித்தியாசம்: லெனின், ஸ்டாலின், ககாரின் மூன்றும் அங்கே சொந்தப் பெயர்கள் இல்லை. முதலிரண்டும் புனைபெயர்கள், மூன்றாவது குடும்பப் பெயர். ரஷ்யர்கள் அவர்களை நினைத்துக் குழந்தைக்குப் பெயர் வைத்தால் விளாதிமிர் என்றோ யூரி என்றோதான் பெரும்பாலும் வைப்பார்கள். நாம் தலைவரின் அடையாளத்தையே எடுத்துக்கொண்டோம்.

மறைமலை

லெனின் தோழர் சொன்ன 1917க்கும் ஸ்வெத்லானா என்ற பெயருக்கும் தொடர்பு உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த பெயர் வரலாறு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்வெத் என்றால் ஒளி. கேட்டால் பழைய ஸ்லாவியப் பெயர் போலவே இருக்கும், பட்டியல்களும் அப்படித்தான் போடுகின்றன. உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் வஸ்தோகவ் பழம்பாணியில் உண்டாக்கிய பெயர். 1813இல் ஷுக்கோவ்ஸ்கியின் கதைப்பாடல் வந்தபின் நாடு முழுக்கப் பரவியது. படித்தவர்கள் அந்தப் பெயரை நேசித்தார்கள், ஆனால் குழந்தைக்கு வைக்க முடியவில்லை. நாட்காட்டியில் அப்படி ஒரு புனிதை இல்லை, ஆகவே ஞானஸ்நானத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். கப்பலுக்கு வைத்தார்கள், வீட்டில் செல்லப் பெயராக வைத்துக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் காத்திருந்து, திருச்சபையின் பிடி விட்டபின்தான் பிறப்புச் சான்றிதழில் ஏறியது. 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகளும் ஸ்வெத்லானாதான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பார்த்தால் தெருவுக்குத் தெரு ஸ்வெத்தா. இன்றும் ஸ்வெத்லானா கோயிலுக்குப் போனால் அங்கே அவள் ஃபொத்தீனியா. கிரேக்கத்தில் அதுவும் ஒளிதான்.

இன்னொன்று, விளாதிமிர். 'உலகை ஆள்பவன்' என்று பட்டியல்கள் எழுதுகின்றன. 'மிர்' என்றால் உலகம், அமைதி என்று இன்றைய ரஷ்யர் காதும் அப்படித்தான் கேட்கிறது. பழைய எழுத்தில் அந்த ஈறு 'மேர்' என்பதற்குக் கிட்ட இருந்தது, பெருமை, புகழ் என்ற பொருளுடைய ஜெர்மானியச் சொல்லோடு உறவு. ஆட்சியால் பெரியவன் என்பதே பழைய பொருள். அந்தப் பெயர் உக்ரைனில் வலோதிமிர். இரண்டு நாட்டு அதிபர்களும் இன்று ஒரே அரசரின் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். கீவ் அரசர்களின் மரபை ரஷ்யாவுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. உக்ரைனுக்கும் பெலாரூஸுக்கும் அது சொந்தம்.

புத்தகப்பூச்சி

> வடமராட்சியான் எழுதியது: நாட்காட்டியைப் பாத்துத்தான் பேர்.

இதனால்தான் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்த வழக்கம் வந்தது. அந்த விளாதிமிர் அரசரின் ஞானஸ்நானப் பெயர் வசீலி. அவருடைய பாட்டி ஓல்காவுக்கு யெலேனா. மக்கள் பழைய பெயரை விடவில்லை, இருவரும் புனிதர் ஆனதும் ஓல்காவும் விளாதிமிரும் நாட்காட்டிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 1015இல் கொல்லப்பட்ட இளவரசர்கள் பரீஸ், க்லெப் பெயரும் அப்படித்தான் உள்ளே வந்தது.

கியோர்கி என்ற ஒரு கிரேக்கப் பெயர் மக்கள் வாயில் யூரி என்றும் யெகோர் என்றும் மூன்றாகப் பிரிந்ததையும் சொல்ல வேண்டும். உழவன் என்று பொருள். இன்று மூன்றும் தனித்தனிப் பெயர்கள், ஒரே வகுப்பில் மூன்று பையன்கள் இருக்கலாம். கோயிலுக்குள் மூவரும் கியோர்கி.

செட்டிகுளம்_செல்வி

எங்கள் ஊர்ப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையத்து ரஷ்யக் குடும்பங்கள் அணுவிஜய் நகரியத்தில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் பார்க்கலாம். அதனால் நடைமுறையில் ஒரு எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது.

நம் ஊரில் நிகிதா, மிஷா, சாஷா எல்லாம் பெண் பெயர். 'ஆ' என்று முடிந்தால் பெண் என்று நமக்குப் பழக்கம். அங்கே நிகிதா ஆண், சோவியத் தலைவர் குருஷேவ் பெயர் அதுதானே. கிரேக்கத்தில் வெற்றி பெற்றவன். இல்யா, லூக்கா, சாவ்வா எல்லாம் ஆண்கள். மிஷா மிகயீலின் சுருக்கம், ஆகவே ஆண். சாஷா இரண்டுக்கும் பொது, அலெக்சாந்தரும் சாஷா, அலெக்சாந்திராவும் சாஷா. ஷென்யா, வால்யாவும் இருபாலுக்கும் வரும். நம் நிகிதா ஒருத்தி அங்கே படிக்கப் போனால் பட்டியலில் பையன் என்று எழுதிவிடுவார்கள்.

அதேபோல அங்கே நல்ல பெயர் இங்கே வேறு மாதிரிக் கேட்கலாம். அனஸ்தாசியா அருமையான பெயர், உயிர்த்தெழுதல் என்று பொருள். ஆனால் வீட்டில் நாஸ்த்யா என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலியில் பாட்டி காதில் அது 'நாஸ்தி' என்று விழும். திமித்ரியை மித்யா என்றால் 'பொய்' என்று கேட்கும். இவானைச் சொல்லவே வேண்டாம், 'இவன் யார்?' என்று ஆகிவிடும். இதற்காகப் பெயரை விடவேண்டியதில்லை, அனஸ்தாசியாவை ஆஸ்யா என்றும் கூப்பிடலாம். திமித்ரி தீமா ஆகலாம்.

பொருநை

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். அன்னா அந்திரேயெவ்னா என்றதும் அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஆனால் அவருடைய அக்கா பெயரும் அன்னா.

இப்போது பெண் என்றால் வேரா அல்லது வர்வாரா. வேரா எங்களுக்கு வேர் என்றே கேட்கிறது, அம்மாவுக்கு அதுவே பிடித்துவிட்டது. வர்வாராவைத் தங்கைக்குப் பிடிக்கிறது, வீட்டில் வார்யா. ஆண் என்றால் இல்யா அல்லது லெவ். சிங்கம் என்றதும் அப்பா உடனே சரி என்றுவிட்டார், அம்மா மட்டும் ஓரெழுத்துப் பெயர் மாதிரி இருக்கிறது என்கிறார்.

இரண்டு சந்தேகம். எங்கள் அப்பா பெயர் முருகன். அதை எங்காவது சேர்க்க முடியுமா? அடுத்தது, பதிவு செய்ய எவ்வளவு நாள் கொடுப்பார்கள்?

டாக்டர்_திருச்சி

அக்கா, அங்கே நடுப்பெயர் தந்தைக்கு மட்டுமே. தாத்தாவுக்கு இடமில்லை. தமிழ் அப்பாவுக்கும் ரஷ்ய அம்மாவுக்கும் அங்கே குழந்தை பிறந்தால் மெய்யெழுத்தில் முடியும் பெயரோடு ஓவிச், ஓவ்னா சேர்த்து முருகனோவிச், குமாரோவ்னா என்று எழுதலாம். உங்கள் வீட்டில் அப்பா ரஷ்யர், ஆகவே அந்திரேயெவ்னாதான். சொந்தப் பெயரையே இணைப்புக்கோடு போட்டு இரட்டையாக வைக்கலாம், ஆனால் அன்றாடத்தில் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே வந்து காதுகுத்தும்போது அப்பா பெயரை ஒட்டி ஒரு தமிழ்ப் பெயரும் வைத்துவிடுங்கள். கோயில் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று என்பது மாப்பிள்ளை வீட்டாருக்கும் புதிதில்லை.

வடமராட்சியான்

பதிவுக்கு ஒரு மாதம் இருக்கு, பிள்ளை. ஸாக்ஸில தாய் தகப்பன் ஆராவது ஒராள் போனால் போதும். 2017இல ஒரு சட்டத் திருத்தம் வந்தது: பேரில இலக்கம், இணைப்புக்கோடு தவிர்ந்த குறியீடு, தகாத சொல், பட்டம் பதவி ஒண்டும் வரக்கூடாது. அதுக்குக் காரணம், 2002இல பிறந்த ஒரு பிள்ளைக்கு எழுத்தும் இலக்கமும் கலந்த பேர் வேணுமெண்டு மொஸ்கோவில ஒரு தம்பதி நிண்டதும், அலுவலகம் மறுத்ததும், வழக்கு ஆண்டுக்கணக்கா இழுபட்டதும். உங்கட வேராவுக்கும் லெவுக்கும் அப்பிடி ஒரு தடையும் இல்லை.

லெவ் பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கோ: ஆரும் லெவ் எண்டு கூப்பிடமாட்டினம். வீட்டில அவன் லியோவா. ஆனா அவன் தகப்பன் ஆனால் பிள்ளையள் லெவோவிச் ஆகாது, ல்வோவிச், ல்வோவ்னா. அதைச் சொல்லிப் பழக அம்மாவுக்கு இன்னும் முப்பது வருசம் இருக்கு. வர்வாராவில எனக்கு ஒரு விருப்பம் கூட. டிசம்பர் 17 அவவின்ர நாள், குளிர்காலம் நடுவில வீடெல்லாம் விருந்து வைக்க ஒரு சாட்டு.